முகர்ந்து பார்க்கும் சங்கு

கடைக்கதவைத் திறந்ததும் பீர் முகைதீன் அலமாரியிலிருந்து ஒரு சங்கை எடுத்து முகர்ந்து பார்ப்பார். கூம்பு வடிவம், சிவப்புக் கீற்று, கை நிறையும் கனம். லான்மடாவ் சந்தில் சங்கறுத்துச் சட்டைப் பொத்தான் செய்கிறவர், இதை மட்டும் ரம்பத்தில் வைத்ததே இல்லை.

ஆற்றுக்கு அக்கரை டாலாவிலிருந்து படகில் கடைக்கு வரும்போது ஆற்றை முறைத்துக்கொண்டே வருவார். "இதெல்லாம் ஒரு தண்ணியா? சீனி போட்டா தேத்தண்ணி ஆயிரும்!"

அவர் பார்த்த தண்ணீர் வேறு. ஜப்பான் சண்டை ஓய்ந்த கையோடு, சங்கெடுக்கும் கப்பலில் மூழ்காளாகப் போனவர். ஆளரவமற்ற நடுக்கடலில் பவளம் தானே கட்டிக்கொண்ட வளையம். உள்ளே கண்ணாடிப் பச்சையில் ஒரு கடற்குளம். அலமாரிச் சங்கு அங்கே எடுத்ததுதான். "மீனு ஓடலைங்க. என் தாடிகிட்ட வந்து பாத்துட்டுப் போச்சு. துடுப்புல குந்துன பறவை எறங்கமாட்டேங்குது. மனுசன்னா என்னன்னே அதுகளுக்குத் தெரியலே, அல்லாவே!" சொல்லும்போது தொழுகையில் நிற்பவர்போல் கைகட்டிக்கொள்வார். கேட்கிற நமக்கும் மெய் சிலிர்த்துவிடும்.

அடுத்தாற்போல் இன்னொரு வளையம் இருந்ததாம். முந்தின பருவத்தில் யாரோ சங்கை ஒட்ட அள்ளிப்போன இடம். பாசியை மேய ஆளில்லாமல் பவளமெல்லாம் கொழகொழவென்று மூடிச் செத்துக் கிடந்தது. "சங்கு மேஞ்சாத்தாங்க பவளம் மூச்சு விடும்" என்பார்.

இப்போது பொத்தானுக்கு அறுக்கும் பக்கத்துக் கடல் மெர்குயிச் சங்கு வரத்து நின்றுபோய் ரம்பம் தூங்குகிறது. மனைவி ஹாஜரா காலி அரிசிப்பானையைத் தட்டிக் காட்டித்தான் கடைக்கு அனுப்புகிறாள். கப்பலில் கூடப்போனவர்களில் யாரும் உயிரோடில்லை. அந்த வளையத்துக்கு வழி தெரிந்தவர் இவர் ஒருவர்தான்.

அது தெரிந்துதான் சங்கு வியாபாரி பர்கத்துல்லா நேற்றுக் கடல்வரைபடத்தோடு வந்து, அதை மேசையில் விரித்தார்.

"காக்கா, விரலை மட்டும் வைங்க. படகு தயாரா நிக்கிது. வர்றதுல பாதி ஒங்களுக்கு."

பீர் முகைதீன் வெகுநேரம் வரைபடத்தைப் பார்த்தார். அப்புறம் சிரித்தார்.

"அட, அதெல்லாம் சும்மா அளந்தது தம்பி. அப்படி எடமும் இல்லே, ஒண்ணுமில்லே."

"அப்ப இது?" பர்கத்துல்லாவின் கண் அலமாரிக்குப் போனது.

"இதுவா? மெர்குயிச் சங்கு. பொத்தானுக்கு வச்சிருக்கேன்."

எழுந்து போய் எடுத்தார். முகரவில்லை. ரம்பத்தின் வாயில் பொருத்தி, மிதியை அழுத்தினார்.