ஆடுகளை ஏன் மேட்டுக்கு ஓட்டினான்?

"வாசிக்கிற பிள்ளைக்கெல்லாம் புரியுதுன்னு நம்பிராதீக, பேச விட்டுப் பாருங்க" என்று முதலில் என்னிடம் சொன்னது எங்கள் ஊர்த் தலைமையாசிரியை, போன ஆடியில், பத்தாவது முடித்த என்னிடம் சாயங்கால வகுப்பை ஒப்படைத்த அன்று. இந்த வேலையில் பாதி நேரம் பெரியவர்களைச் சமாளிப்பதிலேயே போகும் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார். என்னைப் போல வகுப்பு எடுத்து இதே பாடு படுகிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சத்தம்

எங்கள் தெருவில், குழாயடி வரைக்கும் கேட்கிற மாதிரி பிள்ளைகள் சேர்ந்து கத்தினால்தான் பாடம் நடக்கிறது என்று கணக்கு. கதையை நிறுத்தி, "நீ என்ன நினைக்கிறே?" என்று கேட்டால் போச்சு. மூணாவது படிக்கிற கார்த்திகாவின் அம்மா பாண்டியம்மாள், ஆடு மேய்த்துத் திரும்பும்போது வாசலில் நின்று கேட்டுவிட்டுச் சொன்னார்: "அக்கா, ஊர்க்கதை பேச வீட்டுலயே ஆள் இருக்கு. இப்படியே போனா பந்தல்குடி டியூசன்ல சேத்துருவேன்."

மேடு

கார்த்திகா மூச்சுவிடாமல் வாசிப்பாள். "ஆற்றில் வெள்ளம் வந்தது. வேலன் ஆடுகளை மேட்டுக்கு ஓட்டினான்." ஓர் எழுத்துப் பிசகவில்லை. "ஏன் ஓட்டினான் தாயி?" என்றேன். அதே வரியைத் திரும்ப வாசித்தாள்.

வெள்ளத்தை எங்கே கண்டது அது? நல்ல மழைக்கே எங்கள் கண்மாய் பாதிதான் நிறையும். முருகா, பொறுமை கொடு என்று வேண்டிக்கொண்டு காத்திருந்தேன். யோசித்துச் சொன்னாள்: "மேட்டுலதான டீச்சர் ஆடு திங்கிற கருவேலங்காய் நெறையக் கெடக்கும்?"

ஒரே பக்கம்

அந்த வாரமே பார்வையிட ஓர் அலுவலர் வந்தார். அன்றன்று நடத்திய பாடத்தை நான் குறித்துவைக்கும் நோட்டைப் புரட்டினால், மூன்று நாளாகப் புத்தகத்தின் ஒரே பக்கம். வெள்ளத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்றேன். நோட்டை மூடிக் கையில் கொடுத்தார். "வடிஞ்சதும் சொல்லுங்கம்மா, வந்து கையெழுத்துப் போடுறேன்."

டியூசன்

வியாழக்கிழமை பாண்டியம்மாள் பிள்ளையை வகுப்பை விட்டு நிறுத்தியே தீருவது என்று வந்துவிட்டார். அந்நேரம் பார்த்துப் பிள்ளைகள் மண்ணில் ஓடை வெட்டி, செம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டு, ஆடு எங்கே நிற்கும் என்று சண்டை. "நீந்திரும்" என்றான் ஒருவன். பாண்டியம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "ஏலே, ஈரத்துல நின்னாலே குளம்பு அழுகிப்போகும்லே!"

கார்த்திகா புத்தகத்தை எடுத்து, இந்தத் தடவை மெதுவாக வாசித்தாள். "அம்மா, வேலன் பயந்துருக்கான். பயந்தான்னு இதுல போடவே இல்ல. ஆனா ஆடு செத்துருமுன்னு பயந்துதான் ஓட்டிருக்கான்." எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாண்டியம்மாள் மகளையே பார்த்தார். டியூசன் பேச்சே வரவில்லை. "நாளைக்கு என்ன கதை அக்கா? நானும் வாரேன்."

வந்தார். இப்போது தினமும் வந்து, நான் கேள்வி கேட்டு முடிக்குமுன்னே பதில் சொல்லிவிடுகிறார். அதனால் உங்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன்: பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்டால், அது வாய் திறக்கும்வரை நாம் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு இருப்போம்.