பூஜைக்கு நிறுத்திய ஏரி

1. விஜயதசமி காலை

சர்வர் எழுந்து நாலு நிமிடம்கூட ஆகவில்லை, ஹெல்ப்லைன் அடித்தது. சின்னக் கம்பெனி. ஹெல்ப்லைன் என்பது என் மேஜையில் இருந்த ஃபோன்தான்.

"மேடம், எங்க ஊரே தண்ணில கீது. நெல்லு, மாட்டுக் கொட்டா எல்லாம் போச்சு. மடைய தொறக்கலாம்னு போனா மடையே முழுகிக் கீது. இன்னா பண்ணி வெச்சிருக்கீங்க?"

பேசியவள் பர்வீன். சென்னீர்குப்பத்தில் ஒரு பார்சல் கிடங்கில் வேலை பார்த்த பெண். வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் எங்கள் 'ஏரிநாடு' ஆன்லைன் விளையாட்டில் அவள் ஒரு ஊருக்குத் தலைவி. இரண்டு வருடமாகக் கட்டிய ஊர்.

இதைப் புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்காக எழுத நாலு முறை உட்கார்ந்தேன். நாலு முறையும் எழுந்து போய் டீ போட்டேன். இன்றைக்கும் இருப்புக் கொள்ளவில்லை. எழுதி முடிக்காமல் எழுந்திருக்கக் கூடாது என்று அறைக் கதவைச் சாத்தியிருக்கிறேன்.

ஏரிநாட்டை அம்பத்தூர் எஸ்டேட்டில், கீழே தகடு அடிக்கும் பிரஸ் ஷாப் தடதடக்கும் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில், பன்னிரண்டு பேர் செய்தோம். அதில் வாளும் உண்டு, மந்திரமும் உண்டு, ஆனால் அடிப்படை தண்ணீர். மேல் ஏரி நிரம்பினால் கலிங்கு வழியாக வழிந்து கீழ் ஏரிக்கு வரும். மடையை யார் எப்போது திறப்பது என்பதில்தான் பகையும் கூட்டணியும். எல்லா ஆட்டக்காரர்களுக்கும் ஒரே உலகம். நீங்கள் தூங்கினாலும் அங்கே மழை பெய்யும். அந்தத் தண்ணீரை ஓடவிட்ட கம்ப்யூட்டர் கோடு என்னுடையது. கொஞ்சம் திமிராகவே சொல்கிறேன், நல்ல கோடு. ஒரு வரியைத் தவிர.

2. மெயினை இறக்கியது

முந்தைய நாள் ஆயுத பூஜை. எங்கள் எம்.டி. கீழே இருந்த பிரஸ் ஷாப் குடும்பத்துக்காரர். எஸ்டேட்டில் அன்றைக்கு எந்த மெஷினும் ஓடாது. கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, மறுநாள்தான் ஓட்டுவார்கள். அந்த வருடம் எம்.டி. சர்வர் ரேக்குக்கும் மாலை வாங்கி வந்துவிட்டார்.

"சார், இது லைவ் சார். ஆடிக்கினு கீறாங்க" என்றான் தேவா. சர்வர்களைப் பார்த்துக்கொண்டவன். ஆவடி குவார்ட்டர்ஸ் பையன். அப்பா பாதுகாப்புத் துறை ஃபேக்டரியில் ஃபோர்மேன்.

"இத்தினி ஷெட்டு கீது எஸ்டேட்ல. பூஜ அன்னிக்கு ஓடற மெஷினு ஒண்ணு காட்டு, நான் மீசைய எடுத்துக்கறேன். ஒரு நா நின்னா இன்னா, கோச்சுக்கினு பூடுமா? ஐயர் வெயிட் பண்றாரு. எறக்குப்பா" என்றார் எம்.டி.

தேவா என்னைப் பார்த்தான். நான், "ஒன்னும் ஆகாது, திரும்ப எழுந்ததும் விட்ட இடத்துலேருந்து கணக்குப் போட்டுக்கும்" என்றேன். அவன் மெயினை இறக்கினான். நாங்கள் பொரி சாப்பிட்டோம். நான் இரண்டு பொட்டலம் வீட்டுக்கும் எடுத்துப் போனேன்.

3. "இருக்கலாம் சார்"

சர்வர் நிமிடத்துக்கு ஒரு முறை கணக்குப் போடும். எவ்வளவு மழை, எவ்வளவு வழிந்தது, எந்த மடை திறந்திருக்கிறது. நின்று எழுந்தால், நின்ற நேரம் முழுவதையும் ஒரே தடவையாகக் கணக்கிடும்படி நான் எழுதியிருந்தேன். பத்து நிமிடம் என்றால் வித்தியாசமே தெரியாது. நான் ரீஸ்டார்ட் டெஸ்ட் செய்ததெல்லாம் டீ பிரேக்கில். நிறுத்திவிட்டுக் கீழே போய் ஒரு டீ, மேலே வந்து ஸ்டார்ட். ஒரு தடவைகூட அதற்கு மேல் நிறுத்திப் பார்க்கவில்லை.

பூஜைக்கு நின்றது பதினெட்டு மணி நேரம். அவ்வளவு மழையையும் ஒரே கொட்டாகக் கொட்டியது. கலிங்கில் வழிய நேரமில்லை. பேக்கப்பாவது இருந்ததா? ராத்திரி ஓட வேண்டிய பேக்கப், சர்வர் நின்றிருந்ததால் தவறிப் போய், காலையில் எழுந்தவுடன் ஓடி, நல்ல பிரதியின் மேலேயே வெள்ளத்தை எழுதிவிட்டது. இரண்டாவது பிரதி வைக்கவில்லை.

சர்வரின் பதிவேடான லாக்கைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அதற்குள் எம்.டி. எல்லோரையும் கூப்பிட்டார்.

"இன்னா ஆச்சு? முறையா ஷட்டவுன் பண்ணாம மெயின எறக்குனதால டேட்டா பூட்சா?"

இறக்கச் சொன்னவரே அவர். அதை யாரும் சொல்லவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சொன்னது இரண்டே வார்த்தை.

"இருக்கலாம் சார்."

தேவா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அடுத்த வாரம் அவன் வரவில்லை. நான் ஃபோன் செய்யவில்லை. நாளைக்குச் செய்யலாம், நாளைக்குச் செய்யலாம் என்றே ஓடிவிட்டது. ஆட்டக்காரர்கள் கொத்துக் கொத்தாகப் போனார்கள். ஆறு மாதத்தில் கம்பெனியை மூடினோம். உலகம் பெரிது, ஆள் குறைவு, அது எப்படியும் மூழ்கியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லச் சொல்ல நெஞ்சுக்குள் குடைந்ததே தவிர அடங்கவில்லை. அதற்குப் பிறகு மூன்று கம்பெனி மாறினேன். எதிலும் மீட்டிங்கில் நிம்மதியாக உட்கார்ந்ததில்லை.

4. நிற்காத சர்வர்

போன மாதம் பர்வீன் ஃபோன் செய்தாள். பத்து வருடத்துக்கு மேல் இருக்கும், குரலைக் கேட்டதும் தெரிந்தது.

"மேடம், ஏரிநாடு திருப்பி ஓடுது. தெரியுமா?"

தெரியாது. அவளும் இன்னும் சிலரும் எம்.டி.யைப் பார்த்துக் கேட்டிருக்கிறார்கள். அவர் பழைய ஹார்ட் டிஸ்கையும், நடத்திக்கொள்ளலாம் என்று ஒரு கடிதமும் கொடுத்துவிட்டார். முதல் நாளிலிருந்து உலகத்தை மறுபடி கட்டி, மூன்று வருடமாக ஓட்டுகிறார்கள்.

"சர்வரு தேவாண்ணன் கடைல கீது. முத்தாபுதுப்பேட்டைல யுபிஎஸ் கடை வெச்சிருக்காரு. இப்ப மெஷின் படுக்கப் போவுது, டிஸ்க் கடகடன்னு சத்தம். வேற மெஷினுக்கு மாத்தணும்னா ஒரு நா நிறுத்தணும். நிறுத்த மாட்டேன்றாரு. நீங்க வந்து சொல்லுங்க மேடம். டிஸ்க் பூட்டா மொத்தமும் பூடும்."

திருவேற்காட்டில் என் வீட்டிலிருந்து ஆவடிப் பக்கத்துக் கடைக்குப் போகிற வழியெல்லாம் ஷேர் ஆட்டோவில் நான் கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினேன். பக்கத்தில் இருந்த அம்மாள், "எதுனா தொலைச்சிட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டாள்.

கடையில் பர்வீன் எனக்கு முன்பே வந்திருந்தாள். பேட்டரிகளுக்கு நடுவே அந்த மெஷின். அதற்கு இரண்டு யுபிஎஸ். சுவிட்சின் மேல் யாரும் தொடாதபடி அட்டை ஒட்டியிருந்தது. தேவாவுக்குத் தலை பாதி நரைத்திருந்தது.

"வாங்கக்கா" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டான். "பர்வீன் சொல்லிச்சு. ஆனா நான் எறக்க மாட்டேன்க்கா. ஒரு வாட்டி எறக்கி இன்னா ஆச்சுன்னு பார்த்தவன் நானு. வூட்ல ஆயுத பூஜைக்கு டிவியக்கூட நான் ஆஃப் பண்றதில்ல."

நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். மெயினால் டேட்டா போகவில்லை, என் வரியால் போனது, அன்றைக்கே லாக்கில் பார்த்தேன், மீட்டிங்குக்கு வருமுன்பே எனக்குத் தெரியும்.

பர்வீன் வாயில் கை வைத்துக்கொண்டாள். தேவா ஒரு பேட்டரி டெர்மினலை முறுக்கிக்கொண்டே இருந்தான்.

"எங்கப்பா ரெண்டு வருசம் முன்ன செத்துட்டாரு" என்றான். "சாவற வரைக்கும் வர்றவன் போறவன்கிட்டெல்லாம், எம் புள்ள ஒரே சுவிட்சுல ஒரு கம்பெனியவே மூடிட்டான்னு சிரிச்சுக்கினே சொல்லுவாரு. நானும் கூட நின்னு சிரிப்பேன்."

மன்னித்துவிடு என்றேன்.

"வேலையப் பாருங்க, மேடம்" என்றான். அதுவரை அக்கா என்றவன்.

நின்ற நேரத்தை நிமிடம் நிமிடமாகப் பிரித்துக் கணக்கிடும்படி அந்த வரியை மாற்ற எனக்கு இருபது நிமிடம் ஆனது. பத்து வருடம் என்னைத் தின்றது இருபது நிமிட வேலை. தேவாவே அட்டையைப் பிய்த்து சுவிட்சை இறக்கினான். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை, புது மெஷினில் உலகம் எழுந்தது. மேல் ஏரி நிரம்பியது, கலிங்கில் வழிந்தது, கீழ் ஏரி படிப்படியாக ஏறி மடைக்கு ஒரு முழம் கீழே நின்றது. பர்வீனின் நெல் தலைநிமிர்ந்து நின்றது.

தேவா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு எழுந்து, "ஊட்டுக்கு வாங்க" என்றான்.

5. கற்றுக்கொண்டது

வீடு கடைக்குப் பின்னால்தான். அவன் அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். "எங்கிட்ட சொன்னத அம்மாகிட்ட சொல்லுங்க" என்றான். சொன்னேன். அவர் கீரையை ஒதுக்கி வைத்துவிட்டு முழுதாகக் கேட்டார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அவர் எழுந்து வாசலுக்குப் போய்ப் பக்கத்து வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"விமலா, இங்க வா. இவங்க இன்னாவோ சொல்றாங்க, நீயும் கேளு."

விமலாவின் கணவர் தேவாவின் அப்பாவோடு ஒரே ஷிஃப்டில் வேலை பார்த்தவர். அவளுக்கும் முதலிலிருந்து சொன்னேன். அவள் போய்த் தன் கணவரைக் கூட்டி வந்தாள். அவருக்கும் சொன்னேன்.

பிள்ளைகளே, டெஸ்ட் செய்யும்போது டீ குடிக்கிற நேரத்துக்கு நிறுத்தாதீர்கள், ஒரு நாள் முழுக்க நிறுத்திப் பாருங்கள். பேக்கப் இரண்டு வையுங்கள். இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இருக்கும். என்னிடம் இருப்பது இன்னொன்று. உங்கள் தப்பு இன்னொருவர் தலையில் விழுவதைப் பார்த்தால், அந்த மீட்டிங் முடிவதற்குள் வாயைத் திறந்துவிடுங்கள். அன்றைக்குப் பன்னிரண்டு பேர் முன்னால் சொன்னால் போதுமாயிருந்தது.

இப்போது தேவாவின் அம்மா பழைய குவார்ட்டர்ஸ்காரர்களின் பெயர்களை ஒரு காலண்டர் தாளின் பின்னால் எழுதி வைத்திருக்கிறார். எல்லாம் அவர் கணவர் சிரித்துக்கொண்டே கதை சொன்ன ஆட்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் என்னை ஒவ்வொரு வீடாக அழைத்துப் போகிறார். ஏழு வீடு முடிந்திருக்கிறது. தாளில் இன்னும் பாதிகூட ஆகவில்லை.