உதட்டில் மை வட்டம்

லாரியில் கரும்பு ஏற்றும்போது சங்கிலி அறுந்து வாயில் அடித்தது. மேலுதட்டில் ஆறு தையல். பல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. உதடு மட்டும் மரத்துப்போனது. அதற்கு முன்பு கரும்பு இல்லாத மாதங்களில் பேண்டு செட்டில் டிரம்பெட் வாசிப்பேன். அதோடு நின்றது. ஏழு வருஷம் தொடவில்லை.

எண்பத்தைந்தாம் வருஷம் இடுப்பு போனது. கட்டு தூக்க முடியவில்லை. எனக்குத் தெரிந்த வேலை இரண்டுதான்.

என் மனைவியின் தம்பி திண்டிவனத்தில் பேண்டு செட் வைத்திருந்தான். அவனிடம் டிரம்பெட் வாசித்தவர் துபாய்க்குப் போய்விட்டார். ஒரு டிரம்பெட்டைத் தூக்கிக்கொண்டு விழுப்புரத்துக்கு, எங்கள் வீட்டுக்கு வந்தான்.

"மாமா, வர்ற ஞாயித்துக்கெழமை கல்யாண ஊர்வலம். நல்லா வாசிச்சின்னா அந்த எடம் உனக்குத்தான். இல்லன்னா பாண்டியில ஒருத்தன் கேட்டுக்கினே கீறான்."

"வாசிக்கிறேன்."

"உதடு எப்டி கீது?"

"நல்லாத்தான் கீது."

மனைவி என்னைப் பார்த்தாள். சூடான டீ அந்த உதட்டில் வழிந்தாலும் எனக்குத் தெரியாது. அவள்தான் துடைக்கச் சொல்வாள்.

அவன் போனதும் ஊதினேன். வெறும் காற்று வந்தது. டிரம்பெட்டின் வாய் உதட்டில் எங்கே உட்காருகிறது என்று தெரியவில்லை. கொஞ்சம் தள்ளினாலும் சத்தம் வராது. மனைவி கண் மையை எடுத்து அதன் விளிம்பில் சுற்றித் தடவினாள்.

"இப்ப ஊது."

ஊதினேன். கண்ணாடியைக் காட்டினாள். மை வட்டம் மூக்கை ஒட்டி ஏறியிருந்தது.

"கீழ எறக்குய்யா."

இறக்கினேன். ஒரு சத்தம் வந்தது. பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள்.

"இன்னாடி, மாடு கன்னு போடுதா?"

"மாடு இல்லக்கா. வூட்டுக்காரரு."

"அப்ப ஜல்தியா டாக்டரக் கூப்புடு."

மனைவி சிரித்தாள். நான் மறுபடி ஊதினேன். ஐந்து நாள் அப்படிப் போனது. சனிக்கிழமை பத்து தரத்துக்கு எட்டு தரம் வட்டம் சரியாக விழுந்தது. பாட்டும் வந்தது. சந்தோஷம் என்று ஒன்றும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திண்டிவனத்தில் எனக்குச் சிவப்புக் கோட்டு கொடுத்தார்கள். துபாய்க்காரருடையது. தோளில் பிடித்தது. மண்டபம் வரை ஒரு மணி நேரம் நடை. கேட்ட சினிமாப் பாட்டையெல்லாம் வாசித்தேன். விரல் மறக்கவில்லை. உதடு நகர்ந்துவிடக் கூடாது என்று அழுத்தியே பிடித்தேன். வலி தெரிந்தால்தானே விடுவதற்கு.

மண்டப வாசலில் நிறுத்தினோம். மச்சான் சிரித்துக்கொண்டே வந்தான். கிட்டே வந்ததும் சிரிப்பு போனது.

"மாமா, வாயெல்லாம் ரத்தம்."

தொட்டுப் பார்த்தேன். ஈரமாக இருந்தது. தையல் போட்ட இடம் கிழிந்திருந்தது.

"வலிக்கலியா?"

"இல்ல."

"நல்லா கீதுன்னியே?"

அவன் பெண் வீட்டுக்காரர்கள் பக்கம் திரும்பிப் பார்த்தான். கல்யாணத்தில் ரத்தம் ஆகாது. ஒழுகியதெல்லாம் கோட்டின் மேல்தான். கோட்டு சிவப்பு. யாரும் கவனிக்கவில்லை. கர்ச்சீப்பைக் கொடுத்தான்.

"ஒரு எடத்துல கூட நீ தப்பா வாசிக்கல" என்றான். "புதங்கெழமை உங்க ஊருப் பக்கம் காணையில ஒரு கல்யாணம். அதுக்குள்ள ஆறுமா?" என்று கேட்டான்.

"ஆறும்."

எனக்குத் தெரியாது.

மறுநாள் மனைவி கோட்டை வாளியில் ஊறவைத்தாள். தண்ணீர் சிவந்தது.

"சாயமா, ரத்தமா?" என்று கேட்டாள்.

"சாயம்."

அவளைப் பார்க்காமல் டீயைக் குடித்தேன்.

"தொடச்சிக்கோ" என்றாள்.