படம் இல்லாத புகைப்படக் கட்டுரைகள்

ஆய்வுக் கட்டுரை தேடுவது கிணற்றில் விழுந்த வாளியைப் பாதாளக் கரண்டியால் துழாவுகிற வேலை. மாட்டுவது பெரும்பாலும் வேறு யாருடைய வாளியாகவோ இருக்கும்.

கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரி நூலகத்தில் இந்தத் துழாவல்தான் என் உத்தியோகம். உங்களிலும் கட்டுரை தேடி நொந்தவர்கள் இருப்பீர்கள். செவ்வந்தி பட்ட பாடு உங்களுக்குப் புதிதாக இராது. அவள் கல்வராயன் மலைப் பெண். மலைமக்களை வெளியூர்க்காரர்கள் எப்படிப் படம் பிடித்தார்கள் என்பது அவள் எடுத்துக்கொண்ட ஆய்வு. முன்பு வந்த கட்டுரைகளைக் காட்டினால்தான் ஆய்வு நெறியாளர் முனைவர் பட்டப் பதிவுக்குக் கையெழுத்துப் போடுவார்.

மீனும் கல்லும்

மலையின் பெயரையும் புகைப்படம் என்ற சொல்லையும் போட்டுத் தேடினோம். அருவி வந்தது, தங்கும் விடுதி வந்தது. ஆய்விதழ்களில் மட்டும் தேடியபோது கடுக்காய், ஓடை மீன், பாறை பற்றியெல்லாம் கட்டுரைகள் வந்தன. திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் செவ்வந்தி கேட்டாள்:

"மீனுக்கு இருக்குது, கல்லுக்கு இருக்குது. மனுசங்களுக்கு மட்டும் இல்லீங்களா சார்?"

கட்டின் கனம்

வேறு மலைகளைப் பற்றிய கட்டுரைகள் அகப்பட்டன. பலவற்றில் படம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைக் கட்டம். உள்ளே, "உரிமை காரணமாகப் படம் நீக்கப்பட்டது" என்று ஒரு வரி. தப்பிய படங்களும் கடைவீதி ஜெராக்ஸில் கறுப்புத் திட்டாக வந்தன. "மூஞ்சியே தெரியலியே பாய்" என்றாள் செவ்வந்தி. கடைக்கார பாய் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எழுத்து நல்லா வந்துக்குதேம்மா. உங்க கைடு சார் இன்னா மூஞ்சியா பாக்கப் போறாரு? கட்டு கம்மியா இருக்குதுன்னுதானே போன தடவை திருப்பி அனுப்பினாரு!"

பொய்யில்லை. நெறியாளர் தாள்கட்டைக் கையில் தூக்கிப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்வார்.

மூன்றாம் படம்

கடைசியில் கல்வராயன் மலையைப் பற்றியே ஒரு கட்டுரை. பணம் கட்டாமல் திறக்காது. எழுதியவருக்கே மின்னஞ்சல் போட்டோம். நல்ல மனிதர், உடனே அனுப்பிவிட்டார். மூன்றாம் படத்தில் ஒரு பெண் சாமை அறுத்துக்கொண்டிருந்தாள். கீழே, "பெயர் தெரியாத மலைப்பெண்."

"எங்க அம்மா சார் இது! ராமாயி!" என்று எழுந்தே விட்டாள் செவ்வந்தி.

அம்மாவின் பெயரைத் தன் ஆய்வில் எழுத வேண்டும் என்று நெறியாளரிடம் போனாள். நானும் கூடப் போனேன். "சொந்தக்காரங்க சொல்றது ஆதாரம் ஆகாதும்மா" என்றார் அவர்.

"அம்மா வூட்லதான் இருக்குது சார். போன் போட்டுத் தரேன், நீங்களே கேளுங்க."

நீட்டிய போனை அவர் வாங்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"அந்தம்மா பேரோட வேற ஏதாவது கட்டுரை வந்திருக்கான்னு தேடிக் குடுங்க. அதைப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடறேன்."

பெற்ற தாயின் பெயர் மகளுக்குத் தெரியும் என்று வேறு யாராவது எழுதி அச்சேற்றும்வரை செவ்வந்தியின் பதிவு நிற்கும். தேடிக்கொண்டிருப்பதாகச் சொல்லி நானும் சம்பளம் வாங்கிக்கொண்டிருப்பேன்.