இடக்கை மணிக்கூடு

இணுவில் வீட்டுக் கிணற்றில் கப்பியால் தண்ணீர் அள்ளும்போது, வாளி பாதி வழி வருவதற்குள் என் இடக்கை சோர்ந்துவிடும். அப்படித்தான் தொடங்கியது. போரால் யாழ்ப்பாணத்துக்குத் தரைப்பாதை அடைபட்டு, கிளாலிக் கடலேரியை வள்ளத்தில் கடந்து போய்வந்த காலம். சாப்பாட்டில் சத்தில்லை என்று நினைத்தேன். அப்போது யாருக்குத்தான் சத்திருந்தது?

காய்ச்சலும் விடாமல் காய்ந்த பிறகுதான், நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். தாதி இரத்த அழுத்தம் பார்க்க இடக்கையில் பட்டியைச் சுற்றிக் காற்றடித்தார். மறுபடியும் அடித்தார்.

"மெசின் பழுது போலை கிடக்கு, ரீச்சர். வேறை ஒண்டு கொண்டு வாறன்."

இரண்டாவதும் "பழுது". கூட வந்த கணவர், "உமக்கு இரத்தம் ஓடுதோ எண்டு முதல்லை பாக்கச் சொல்லும்" என்று பகிடி விட்டார். நானும் சிரித்தேன். பிறகு வந்த டொக்டர் சிரிக்கவில்லை. மணிக்கூட்டைக் கழற்றச் சொல்லி என் இடது மணிக்கட்டைத் தொட்டார். வலதைத் தொட்டார். திரும்பவும் இடதுக்கு வந்தார். அங்கே நாடி இல்லை.

நாடியற்ற நோய் (பெரிய இரத்தக் குழாய்களின் சுவர் அழற்சியால் தடித்து, வழி ஒடுங்கிப்போவது) என்றார். அன்றே ஸ்டீரொயிட் குளிசை (அழற்சியை அடக்கும் மருந்து) தொடங்கியது. முகம் ஊதியது. கண்டவர்கள் எல்லாம் நான் நன்றாகத் தேறிவிட்டதாகச் சொன்னார்கள்.

குழாய்களைப் பார்க்க அஞ்சியோகிராம் (தொடைக் குழாய் வழியாகச் சாயம் செலுத்தி எடுக்கும் எக்ஸ்றே படம்) வேண்டும். அதற்குக் கொழும்பு போகவேண்டும். கொழும்புக்குப் போக இயக்கத்திடம் பாஸ் (பயண அனுமதி), பாஸுக்கு, திரும்பி வருவேன் என்று ஆள்பிணை. கணவர் பிணை நிற்க, அண்ணையோடு போனேன். திரும்பும்போது படங்களைப் பொலித்தீனில் சுற்றி, வள்ளத்தில் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருந்தேன். அந்தப் படம் எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று நம்பினேன்.

டொக்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். இடக்கைக்குப் போகும் குழாய் நூலாக மெலிந்து, பிறகு காணாமலே போயிருந்தது. வலக்கைக்குப் போவதும், கழுத்து வழியாக மூளைக்குப் போவதும் திறந்திருந்தன.

"அழற்சி நிண்டிட்டுதோ, டொக்டர்?"

"அது இதிலை தெரியாது, ரீச்சர். படம் ஒடுக்கத்தைத்தான் காட்டும். சுவர் இப்பவும் வேகுதோ எண்டு காட்டாது."

"நிக்காட்டி?"

"மற்றக் குழாயளும் ஒடுங்கலாம்."

"இன்னொரு படம் எடுத்தால்?"

"ஒத்துப் பாக்கலாம். ஆனா ஒடுங்கின பிறகுதான் அதுவும் காட்டும்."

எனக்கு ஆத்திரம் வந்தது. யார்மேல் என்று தெரியாத ஆத்திரம்.

மிச்சமிருந்தது ஈ.எஸ்.ஆர். சோதனை (மெல்லிய குழாயில் நிறுத்திய இரத்தத்தில், சிவப்பணுக்கள் ஒரு மணித்தியாலத்தில் எவ்வளவு இறங்குகின்றன என்று பார்ப்பது; அழற்சி இருந்தால் வேகமாக இறங்கும்). அப்போது யாழ்ப்பாணத்தில் இல்லாத மின்சாரம் அதற்குத் தேவையில்லை. மணிக்கூடு போதும். ஆய்வுகூடச் சுவரில் இருந்தது நின்றுபோயிருந்தது.

"உங்கடை மணிக்கூட்டை ஒருக்காக் கழட்டித் தாறியளோ, ரீச்சர்? தடையாலை இங்கை பற்றறி இல்லை," என்றார் அங்கு வேலை செய்தவர்.

என்னுடையது சாவி கொடுக்கிற மணிக்கூடு. நாடியில்லாத கையிலிருந்து கழற்றிக் கொடுத்துவிட்டு, என் இரத்தம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு வாங்குப் பலகையில் இருந்தேன். மாதாமாதம் அப்படி ஒரு மணித்தியாலம் இருந்தேன்.

ஒரு மாதம் அளவு நன்றாகக் குறைந்திருந்தது. குளிசையைக் குறைத்துப் பார்ப்போம் என்றார் டொக்டர்.

"அப்ப நிண்டிட்டுது?"

"சில பேருக்கு இது குறைஞ்சாலும் உள்ளுக்கை எரியும். வலக்கையைப் பாத்துக்கொள்ளுங்கோ."

இப்போது சுவரின் அழற்சியையே காட்டும் ஸ்கான் இருக்கிறதாம். இதே நோய் வருத்தத்தோடு இதை வாசிக்கிறவர்களே, கிடைத்தால் எடுங்கள். ஆனால், எடுத்த அன்றைக்கு எப்படி இருந்தது என்றுதான் அதுவும் சொல்லும்.

நான் இன்றும் காலையில் எழுந்ததும் இடக்கை விரல்களை வலது மணிக்கட்டில் வைப்பேன். இடக்கையில் அதே மணிக்கூடு. அதைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணுவேன். எண்ணி முடித்ததும், உண்மையாகவே துடித்ததா, நானாக நினைத்துக்கொண்டேனா என்று சந்தேகம் வரும். மறுபடியும் எண்ணத் தொடங்குவேன்.