இரண்டு தட்டல்

துடுப்புப் படகின் பின்பக்கத்தை ரம்பத்தால் அறுத்துத் தள்ளிய ஒரே மனிதன் என்று ஊரியாமின் பெயர் பசிபிக் கடலின் அபயாங் தீவில் அடிபட்டது. வேலைவெட்டி இல்லாதவர்கள் அவன் கொட்டகைக்கு முன்னால் வந்து உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள்.

"முன்னாடி எது, பின்னாடி எதுன்னு படகுக்கே குழம்பப் போகுது" என்றான் பக்கத்து வீட்டு தெயாவா.

"குழம்பாதுடா. ரெண்டு பக்கமும் முன்பக்கம்தான்" என்றான் ஊரியாம்.

அது உண்மைதான். எங்கள் பாய்ப் படகில் பக்கவாட்டு மிதவைக்கட்டை எப்போதும் காற்று வரும் பக்கமே இருக்க வேண்டும். திசை மாற்ற வேண்டுமென்றால் படகைத் திருப்புவதில்லை. பாயைத் தூக்கி மறுமுனைக்குக் கொண்டுபோவோம், சுக்கான்காரனும் நடந்து எதிர்முனைக்குப் போவான். பின்புறம் தட்டையாக இருக்கும் துடுப்புப் படகு அதற்கு உதவாது, அதனால்தான் ஊரியாம் அதை அறுத்துப் பாய்ப் படகாக மாற்றிக்கொண்டிருந்தான்.

போன வருடம் அந்தப் படகில்தான் ஊரியாமும் அண்ணன் டொரோமோனும் சூரை மீன் பிடிக்கப் போனார்கள். நீரோட்டம் இழுத்துக்கொண்டு போனது. துடுப்பை வைத்துக்கொண்டு கடலோடு எவ்வளவு நேரம் மல்லுக்கட்ட முடியும்? இருபத்தாறாம் நாள் ஒரு மீன்பிடிக் கப்பல் படகையும் தூக்கியது, ஊரியாமையும் தூக்கியது. டொரோமோன் அப்போது உயிரோடு இல்லை. பாய் இருந்திருந்தால் இரண்டு பேருமே வீடு வந்திருப்போம் என்று ஊரியாம் ஊர் முழுக்கச் சொன்னான். சொல்லாத ஒன்றும் இருந்தது.

பதினெட்டாம் நாள், மிச்சமிருந்தது ஒரே ஒரு இளநீர். பின்பலகையில் சாய்ந்து கிடந்த டொரோமோன் பலகையை இரண்டு முறை தட்டினான். "தம்பி, அந்த இளநீரக் குடு. கேக்குறேன்."

இந்தத் தீவுகளில் சொந்தக்காரன் வாயால் 'கேக்குறேன்' என்று வந்துவிட்டால் மறுக்க முடியாது. வீட்டுக் கூரையைக் கேட்டாலும் பிரித்துக் கொடுக்கத்தான் வேண்டும். காதில் விழுந்த பிறகு மறுத்தவன் மனிதர்களோடு சேர்த்தி இல்லை. அதனால் ஊரியாம் கண்ணை மூடிக்கொண்டான். குறட்டைகூட விட்டான், பாவி. விடிந்தபோது டொரோமோனுக்கு மூச்சு இல்லை. அந்த இளநீரை ஊரியாம்தான் குடித்தான்.

அன்றிலிருந்து அந்தத் தட்டல் அவனை விடவில்லை. சீமைப்பலாக் கட்டையைச் செதுக்கும்போது டக் டக். குறுக்குக் கம்புகளைத் தென்னங்கயிற்றால் இறுக்கும்போது டக் டக். பட்டப்பகலில், பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்திருக்கும்போதுதான். வேறு யாரும் தலை திருப்பவில்லை. பின்பலகையை அறுத்தெடுத்தால் ஓயும் என்று நினைத்தான், ஓயவில்லை. நல்ல பலகையை எரிக்க எங்கள் ஊரில் யாருக்கும் மனம் வராது. எரித்தால் ஏன் என்று கேட்பார்கள். அதையே உட்காரும் பலகையாகப் படகில் கட்டிவிட்டான்.

பாய் கட்டிய அன்று டொரோமோனின் மனைவி மரேவே ஒரு இளநீரோடு வந்தாள்.

"மொத ஓட்டத்துல நானும் வர்றேன், தம்பி."

"வேண்டாம் அண்ணி. அலை அதிகமா இருக்கு."

"நான் என்ன உப்பா, கரைஞ்சு போக? கேக்குறேன்."

அப்புறம் என்ன சொல்ல முடியும்?

காயலைத் தாண்டி வெளிக்கடலில் படகு சிட்டாகப் பறந்தது. திரும்பும் நேரத்தில் அவன் பாயை மறுமுனைக்கு மாற்றிக் கட்டினான். அவன் இனி உட்கார வேண்டிய முனை டொரோமோன் கிடந்த முனை. கால் வரவில்லை. எப்படியோ போய் உட்கார்ந்து சுக்கானைப் பிடித்தான்.

டக் டக்.

அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"தம்பி, தூங்குறியா? அந்த இளநீர எடு, நாக்கு வறண்டுபோச்சு" என்றாள் மரேவே. அவள் கை, அவள் உட்கார்ந்திருந்த அந்தப் பழைய பின்பலகையின் மேல் இருந்தது.

அவன் இளநீரை எடுத்து நீட்டினான். அவள் வாங்குவதற்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான், குறட்டை வரைக்கும்.

மரேவே அழவில்லை. இளநீரைக் குடிக்கவும் இல்லை, மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். "எத்தன தடவ தட்டினாரு?" என்றாள்.

"ரெண்டு."

"மறுபடி கேக்கலையா?"

"கேக்கல, அண்ணி."

"கேக்க மாட்டாரு. நீ தூங்கலன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கும்."

இத்தனை நாளில் அவன் அதை நினைத்துப் பார்த்ததே இல்லை.

"பிள்ளைங்க, சித்தப்பாதான் கடைசிவரைக்கும் அப்பாவப் பாத்துக்கிட்டாருன்னு சொல்லித் திரியுதுங்க" என்றாள் அவள். "நான் எதுவும் சொல்ல மாட்டேன். அதுங்ககிட்ட நீயே சொல்லு. இன்னைக்கே. கேக்குறேன்."

காதில் தெளிவாக விழுந்தது. காற்று கரையிலிருந்து எதிராக அடித்தது. துடுப்பாக இருந்திருந்தால் பொழுது சாயும்வரை இழுத்திருக்கும். அவன் கட்டிய படகு எதிர்காற்றிலும் வீடு வந்து சேர்வதற்கென்றே கட்டியது. அவன் முதல் வார்த்தையைத் தேடி எடுப்பதற்குள் கரை வந்துவிட்டது. டொரோமோனின் மூன்று பிள்ளைகளும் முழங்கால் தண்ணீரில் நின்று, கயிற்றைப் பிடிக்கக் கை நீட்டினார்கள்.