அப்பா என்று அழைக்காத புஷ்பம்

மஸ்ஜித் தானாவில் ஒரு வீட்டில் ஏர்கண்டிஷன் கழுவிக்கொண்டிருந்தபோது நம் சபைப் போதகரிடமிருந்து போன் வந்தது. புஷ்பம் காலையில் தவறிவிட்டார் என்றார். பாதியில் விடக்கூடிய வேலையில்லை. முடித்துவிட்டுத்தான் புறப்பட்டேன். சிறுநீரகம் கெட்டு வெகுநாளாகச் சிகிச்சையில் இருந்தவர் என்பதால், நம்மில் யாருக்கும் அது எதிர்பாராத செய்தியல்ல.

ஜாசின் சந்தைக்கு எதிரே தையல் கடை வைத்திருந்த புஷ்பத்தை உங்களில் பலர் அறிவீர்கள். நியாலாஸ் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பிறந்தவர். ஒரே பிள்ளை. அப்பா பால்மரம் சீவியவர், குடித்துவிட்டு அடிப்பவர். அம்மா இறந்ததும் புஷ்பம் அந்த வீட்டை விட்டு வந்துவிட்டார். நடுவயதில்தான் நம் சபைக்கு வந்தார்.

சபையில் நாம் ஜெபத்தைப் பிதாவே என்று தொடங்குவோம். அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் அவர் வாய் திறக்கமாட்டார். மற்றதெல்லாம் சொல்வார். மூப்பர் ஒருவர் இதைக் கவனித்து, கடவுளைத் தகப்பனாக ஏற்காதவர் எப்படி இந்தக் குடும்பத்தில் இருக்க முடியும் என்று கூட்டத்திலேயே கேட்டார். புஷ்பம் எழுந்து, குரலை உயர்த்தாமல் பதில் சொன்னார்.

“அந்தப் பேரச் சொன்னா எனக்குப் பெல்ட்டுதான் ஞாபகம் வருது. கடவுள் வேணும்னுதானே வர்றேன் லா. பேர் சொல்லாம கூப்பிட்டா அவருக்குக் கேக்காதா?”

போதகர் அதை அத்துடன் விட்டுவிடச் சொன்னார். மூப்பர் சில வாரம் புஷ்பத்துடன் பேசவில்லை.

பிறகு புஷ்பத்தின் அப்பா பக்கவாதத்தில் விழுந்தார். தோட்டத்து வீட்டில் தனியாகக் கிடந்தவரைப் புஷ்பம் தன் வாடகை வீட்டுக்குக் கொண்டுவந்தார். அந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எங்களை நிறுத்தி ஓர் உதவி கேட்டார். “சோறு போட்டுருவேன். துணி துவைச்சிருவேன். அவரத் தொட்டுக் குளிப்பாட்ட மட்டும் என்னால முடியாது. யாராச்சும் வாங்கண்ணே.”

ஆண்கள் முறைவைத்துப் போனோம். முதலில் பேர் கொடுத்தவர் அந்த மூப்பர்தான்.

ஒருநாள் நான் தண்ணீர் ஊற்றும்போது கிழவர் குழறலாக, நீ யார் என்று கேட்டார். “உங்க மகளோட அண்ணன்” என்றேன். எனக்கு ஒரே பெண்தானே என்றார். நான் சோப்பை எடுத்தேன். சோப்புப் போட நல்ல கையை என்னிடம் நீட்டினார்.

கிழவர் இறந்தபோது, அவருடைய இந்து வழக்கப்படியே பண்டாரத்தை அழைத்துக் காரியங்களைச் செய்யச் சொன்னார் புஷ்பம். வாசலில் நின்று பார்த்தார். அழவில்லை. அடுத்த ஞாயிறு அவர் அந்தச் சொல்லைச் சொல்லிவிடுவார் என்று சிலர் எதிர்பார்த்தார்கள். சொல்லவில்லை. என் மனைவி தனியாகக் கேட்டபோது, “அவர் போயிட்டாரு அக்கா, பயம் போகல. கடவுள் கோவிச்சுக்க மாட்டாரு” என்றாராம். சொல்லிவிட்டு, தைத்துக்கொண்டிருந்த சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

புஷ்பத்தின் அடக்கத்துக்கு இரத்த உறவென்று யாரும் வரவில்லை. ஆனால் பெட்டியைத் தூக்கச் சபையிலிருந்து தேவைக்கு மேலேயே ஆள் இருந்தது.

அவரைப் பற்றி நல்லவிதமாகச் சொல்ல உங்களுக்கும் நிறைய இருக்கும். நான் வைத்துக்கொள்வது ஒன்றுதான். அவருக்குப் பிறகு, முழங்காலிடும்போது நான் என்னென்ன செய்கிறேன் என்று கடவுளிடம் சொல்வதில்லை. என்னால் முடியாததை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு கண்ணைத் திறந்து, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கிறேன்.